ஐஸ்லாந்துக்குப் புறப்படுமுன்



எங்கள் தோட்டத்தில் இருபது ஆண்டுகள் பால் வெட்டி, மரங்களை அழித்துச் செம்பனை போட்ட பிறகு குலை வெட்டி, ஓய்வு பெற்றுவிட்ட ஒரு பெரியவர் இருக்கிறார். 2025ஆம் ஆண்டின் நடுவில் ஒருநாள், பள்ளி விட்டு நாம் புறப்படும் வேளையில் வாசலில் வந்து நின்றார். அவருடைய மகள் எங்கள் பள்ளியில் படித்தவள். இப்போது இங்கிலாந்தில் தாதியாக இருக்கிறாள்.

“வாத்தியாரே, மக எங்க ரெண்டு பேரையும் லண்டனுக்குக் கூப்பிடுறா. அது சரி. அங்கேயிருந்து ஐஸ்லாந்துன்னு ஒரு ஊராம், அஞ்சு நாளைக்குக் கூட்டிட்டுப் போறாளாம். ஐஸ்னா ஐஸ்தானே? இந்த வயசுல எங்களுக்குத் தாங்குமா?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு அன்று நம்மிடம் பதில் இல்லை. நாமும் அந்த மண்ணை மிதித்ததில்லை. “ஒரு வாரம் பொறுங்கண்ணே, விசாரிச்சுச் சொல்றேன்” என்று அனுப்பிவிட்டு, அந்நாட்டு அரசு இலாகாக்கள் பயணிகளுக்காக வெளியிட்டிருக்கும் செய்திகளை உட்கார்ந்து படித்தோம். செப்டம்பர் கடைசியில் அவர்கள் போய்த் திரும்பினார்கள். பிறகு இரண்டு மாலைப் பொழுது அவர்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, கண்டதையும் பட்டதையும் கேட்டறிந்தோம். படித்ததும் கேட்டதும் சேர்ந்ததே இன்றைய உரை. நம் பிள்ளைகள் இப்போது உலகின் பல மூலைகளில் வேலை பார்க்கிறார்கள். நாளை உங்கள் வீட்டுக்கும் இப்படி ஓர் அழைப்பு வரலாம்.

முதலில் நாடு எப்படிப்பட்டது என்று பார்ப்போம். ஐரோப்பாவுக்கு வடமேற்கே, அட்லாண்டிக் பெருங்கடலின் நடுவே கிடக்கும் தீவு ஐஸ்லாந்து. பரப்பு ஏறத்தாழ 1,03,000 சதுர கிலோமீட்டர். நம் தீபகற்ப மலேசியா ஏறத்தாழ 1,32,000. ஆகவே மிகச் சிறிய நாடு என்று எண்ணிவிட வேண்டாம். ஆனால் அவ்வளவு பெரிய நிலத்தில் வாழும் மக்கள் நான்கு லட்சத்துக்கும் குறைவு. அவர்களிலும் மூன்றில் இரண்டு பங்கினர் தலைநகரான ரெய்க்யாவிக்கிலும் அதன் சுற்றுப்புறத்திலும் குடியிருக்கிறார்கள். எஞ்சிய நிலத்தில் மலை, பனிப்பாறை, எரிமலைக் குழம்பு ஓடிக் காய்ந்த கருங்கல் வெளி. பல மைல் போனாலும் ஒரு சாப்பாட்டுக் கடை கண்ணில் படாது. வழியில் ஓர் இக்கட்டு நேர்ந்தால் உதவி வந்து சேர நேரமாகும் என்பதை இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

குளிர் நாம் அஞ்சும் அளவுக்கு இல்லை. வெப்பக் கடல் நீரோட்டம் ஒன்று கரையோரம் செல்வதால், ரெய்க்யாவிக்கில் ஜனவரி மாதச் சராசரியே சுழி டிகிரியை ஒட்டித்தான் நிற்கிறது. ஜூலையில் 11, 12 டிகிரி. கேமரன் மலையின் விடியற்காலைக் குளிருக்கும் ஒரு படி கூடுதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளை வாட்டுவது குளிரன்று, காற்று. அதைப் பிறகு விரிவாகச் சொல்கிறோம்.

பயணத் தாள்களைப் பற்றி. ஐஸ்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேராத நாடு; ஆயினும் 2001 முதல் ஷெங்கன் எனப்படும் எல்லை உடன்பாட்டில் இருக்கிறது. மலேசியக் கடப்பிதழ் உடையவர்கள் விசா இல்லாமல் போகலாம். 180 நாள்களில் 90 நாள் வரை தங்கலாம். ஆனால் அந்தக் கணக்கு ஷெங்கன் நாடுகள் அனைத்துக்கும் சேர்த்துத்தான். கடப்பிதழ், அங்கிருந்து திரும்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதமாவது செல்லுபடியாக வேண்டும். பெரியவர் போனபோது முத்திரை குத்தி அனுப்பினார்கள். 2025 அக்டோபர் முதல் கைரேகையும் முகப்படமும் பதிவு செய்யும் புதிய முறை தொடங்கியிருக்கிறது. இணையம்வழி முன் அனுமதி வாங்கும் முறையும் அறிவிக்கப்பட்டிருப்பதால், பயணச்சீட்டு எடுக்குமுன் அது நடப்புக்கு வந்துவிட்டதா என்று பாருங்கள். லண்டன் வழியாக இங்கிலாந்தில் இறங்கிச் செல்பவர்களுக்கு வேறோர் அனுமதியும் வேண்டும். பிரிட்டன் 2025 ஜனவரியிலிருந்து மலேசியர்களிடம் அதைக் கேட்கிறது.

சீட்டுப் பதிவு செய்யும்போது நம்மவர்கள் எல்லாரும் இடறி விழும் இடம் ஒன்று உண்டு. குடும்பப் பெயர் என்ன என்று படிவம் கேட்கும். நமக்கு ஏது குடும்பப் பெயர்? தகப்பன் பெயர்தான். நடுவே ‘அனாக் லெலாக்கி’, ‘அனாக் பெரெம்புவான்’ என்பதன் சுருக்கம். அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று அந்தப் பெண்ணுக்கே குழப்பமாம். கடப்பிதழில் உள்ள எழுத்தும் சீட்டில் உள்ள எழுத்தும் ஒத்திருக்க வேண்டும் என்பதால், விமான நிறுவனத்தாரிடமே கேட்டு எழுதுவது நல்லது. ஆனால் வேடிக்கையைக் கேளுங்கள். ஐஸ்லாந்து மக்களில் பெரும்பாலோர்க்கும் குடும்பப் பெயர் கிடையாது! யோன் என்பவருடைய மகன் ‘யோன்சோன்’, அதாவது யோனின் மகன். மகள் ‘யோன்ஸ்தோத்திர்’, யோனின் மகள். பெண்கள் திருமணமான பிறகும் தகப்பன் பெயரை மாற்றுவதில்லை. தொலைபேசிப் புத்தகம் அச்சிட்ட காலத்தில் அதில்கூட ஆளின் சொந்தப் பெயரை வைத்துத்தான் வரிசைப்படுத்தினார்கள். நாட்டின் அதிபரையும் சொந்தப் பெயர் சொல்லித்தான் அழைப்பார்கள். தங்கும் விடுதியில் இருந்த அம்மையார் பெரியவரின் கடப்பிதழைப் பார்த்து, நடுவில் இருப்பது என்ன எழுத்து என்று விசாரித்தாராம். மகள் விளக்கியதும், “அப்படியானால் நீங்களும் எங்களைப் போலத்தான்” என்று சிரித்தாராம். அந்த ஐந்து நாளில் தம் மனைவி முதன்முறையாக வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான் என்று பெரியவர் சொன்னார்.

கோலாலம்பூரிலிருந்து நேர் விமானம் இல்லை. லண்டன், கோப்பன்ஹேகன், ஆம்ஸ்டர்டாம் போன்ற ஊர் ஒன்றில் மாற வேண்டும். இறங்குமிடம் கெப்லாவிக் விமான நிலையம். அங்கிருந்து தலைநகர் ஏறத்தாழ 50 கிலோமீட்டர், பேருந்து உண்டு. நேரம் நமக்கு எட்டு மணி பிந்தியது. மின்சாரச் செருகு நம் மூன்று தட்டைக் கால் செருகு அன்று. இரண்டு உருண்டைக் கால் கொண்டது. மாற்றுச் செருகு ஒன்றை இங்கேயே வாங்கிப் பெட்டியில் போட்டுவிடுங்கள்.

இனிப் பணம். மறைத்துப் பேசுவதற்கில்லை, மிகவும் விலைவாசி கூடிய நாடு. அந்நாட்டுப் பணம் குரோனா. நம் வெள்ளி ஒன்றுக்கு ஏறத்தாழ 30 குரோனா. இது ஏறும், இறங்கும். சாதாரணச் சாப்பாட்டுக் கடையில் ஓர் ஆள் உட்கார்ந்து சாப்பிட்டால் 100 வெள்ளியைத் தாண்டிவிடும். கையில் நோட்டு வைத்திருக்கத் தேவையில்லை. தேநீர் ஒரு கோப்பைக்கும் வங்கி அட்டையே போதும். ஆனால் பெட்ரோல் நிலையங்களில் பெரும்பாலும் ஆள் இருப்பதில்லை. அட்டையைச் செருகி இரகசிய எண்ணைத் தட்டினால்தான் எண்ணெய் வரும். எண் தெரியாத அட்டையோடு ஆளில்லாத ஊரில் நிற்காதீர்கள்.

சிக்கனமாக இருக்க விரும்பினால், அடுப்பும் பாத்திரமும் உள்ள விடுதியாகப் பார்த்துத் தங்கிச் சமைத்துக்கொள்வதே வழி. மளிகை வாங்க மலிவான கடை, மஞ்சள் பலகையில் இளஞ்சிவப்புப் பன்றிப் படம் போட்ட போனுஸ் கடை. அந்தப் படத்தைக் கண்ட தாயார், பன்றிக்கறிக் கடை என்று வாசலிலேயே நின்றுவிட்டாராம். உள்ளே தக்காளி, வெள்ளரி, ரொட்டி, உருளைக்கிழங்கு எல்லாம் கிடைத்தன. அந்தத் தக்காளியும் அந்தக் குளிர் நாட்டிலேயே, நிலத்தடி வெந்நீரால் சூடாக்கிய கண்ணாடிக் கூடங்களில் விளைந்தது. இங்கிருந்து இறைச்சி, பால் பொருள் எதையும் கொண்டுபோகக் கூடாது, சுங்கத்தில் பிடுங்கிக்கொள்வார்கள். குடிதண்ணீருக்குக் காசு கொடுக்கவே கூடாது. குழாயில் வரும் குளிர்நீரைவிட நல்ல நீர் கடைப் புட்டியில் இல்லை. வெந்நீர்க் குழாயில் மட்டும் அழுகிய முட்டை வாடை அடிக்கும். பூமிக்கு அடியிலிருந்து வரும் கந்தக வாடை அது; கெடுதலில்லை. ஆனால் அந்த நீர் கை வெந்துபோகும் சூட்டில் வரும். குளிர்நீரைத் திறந்த பிறகு வெந்நீரைத் திறக்க வேண்டும் என்று வயதானவர்களுக்குச் சொல்லி வையுங்கள்.

உடை விஷயத்தில் பலர் வீண் செலவு செய்கிறார்கள். தடித்த சட்டை ஒன்று போட்டால் போதும் என்று நினைப்பது தவறு. உடம்போடு ஒட்டி ஒரு கம்பளி உள்ளாடை, அதன்மேல் ஒரு கம்பளிச் சட்டை, எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் மழையும் புகாத மேற்சட்டை. இப்படி அடுக்கடுக்காகப் போட்டால் தேவைக்கேற்பக் கழற்றலாம், மாட்டலாம். பருத்தித் துணியும் ஜீன்ஸும் ஆகா. நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டைத் தின்றுவிடும். குடை எடுத்துப் போகவே வேண்டாம். அங்கே மழை மேலிருந்து விழுவதில்லை, பக்கவாட்டில் வருகிறது என்று மகள் எழுதியிருந்தாள். மேற்சட்டையைப் பெருங்கடைகளில் வாங்க நானூறு ஐந்நூறு வெள்ளி ஆகும். நம் பட்டணங்களில் உள்ள பழைய துணி ‘பண்டல்’ கடைகளில் குளிர்நாட்டுச் சட்டைகள் குவிந்து கிடக்கின்றன. பொத்தான், பல்லிழை எல்லாம் சரியா என்று பார்த்து எடுத்தால் சில பத்து வெள்ளியில் முடியும். பெரியவரும் தாயாரும் அப்படித்தான் எடுத்தார்கள்.

இனி, இந்த உரையை நாம் எழுத முன்வந்ததற்குக் காரணமான விஷயத்துக்கு வருகிறோம்.

அந்த நாட்டில் ஒரே நாளில் வெயில், மழை, பனித்தூறல், சூறைக்காற்று நான்கையும் காணலாம். காற்றின் வேகம் எத்தகையது என்றால், நிறுத்திய காடியின் கதவைத் திறந்த மாத்திரத்தில் பின்புறமாக வளைத்து முறித்துவிடும். வாடகைக் காடிகளில் இதைப் பற்றி எச்சரிக்கை ஒட்டியிருப்பார்கள். இவ்வகைச் சேதத்தைச் சாதாரணக் காப்புறுதி பெரும்பாலும் ஏற்பதில்லை. பழுது பார்க்கும் செலவு நம் தலையில். ஆகவே காற்று வரும் திசைக்கு முகம் காட்டிக் காடியை நிறுத்தி, கதவை இரண்டு கையாலும் பிடித்துத்தான் திறக்க வேண்டும். பிள்ளைகளைத் திறக்க விடக்கூடாது.

இதற்காகவே அந்நாட்டு வானிலை இலாகா ஒவ்வொரு வட்டாரத்துக்கும் தனித்தனியாக நிறம் காட்டி எச்சரிக்கிறது. மஞ்சள் என்றால் கவனம். ஆரஞ்சு என்றால் ஆபத்து. சிவப்பு என்றால் வெளியே தலை நீட்டாதே. சாலை இலாகாவோ எந்தச் சாலை திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்று வரைபடத்தில் காட்டிக்கொண்டே இருக்கிறது. 1777 என்ற எண்ணில் தொலைபேசியிலும் கேட்கலாம். சாலை நடுவே ‘லோகாத்’ என்று பலகை நின்றால் மூடப்பட்டது என்று பொருள். அதைச் சுற்றிக்கொண்டு போவது பேதைமை. பயணிகளுக்கான செய்திகளையெல்லாம் திரட்டித் தரும் ‘சேஃப் டிராவல்’ என்ற இணையப் பக்கமும் உண்டு. அதில் நாம் போகும் வழியையும் திரும்பும் நாளையும் எழுதி வைக்கலாம்.

இவையெல்லாம் படித்தவர்களுக்குத் தெரியாத செய்திகள் அல்ல. தெரிந்தும் போகிறார்கள். ஏன்? பணம் கட்டியாயிற்று என்பதுதான் காரணம். ஐந்து நாள் விடுமுறை, ஆயுளில் ஒருமுறை, சீட்டுக்குக் கொடுத்த பணம் திரும்ப வராது. இந்த எண்ணம் காலைப் பிடித்துத் தள்ளும். பணம் உள்ளவனுக்கு ஒரு நாளை விட்டுக்கொடுப்பது எளிது. நம்மைப் போன்று வெள்ளி வெள்ளியாகச் சேர்த்துப் போகிறவர்களுக்கு அதுதான் கடினம்.

அவர்களுடைய மூன்றாம் நாளில் அதுதான் நடந்தது. தென்கரையில் வீக் என்னும் சிற்றூரில் தங்கியிருந்தார்கள். அங்கிருந்து கிழக்கே ஏறத்தாழ 190 கிலோமீட்டர் போனால் யோக்குல்சார்லோன் என்ற ஏரி. பனிப்பாறையிலிருந்து உடைந்த வீடளவு பனிக்கட்டிகள் நீலமாக மிதக்கும் இடம். படகுச் சீட்டு வாங்கியாகிவிட்டது. அன்றிரவு அந்தப் பக்கத்து விடுதியில் அறையும் எடுத்தாகிவிட்டது. காலையில் பார்த்தால் வானம் தெளிவாக இருக்கிறது. ஆனால் கைத்தொலைபேசியிலோ, நண்பகலிலிருந்து தென்கிழக்குக்கு ஆரஞ்சு நிற எச்சரிக்கை.

“வெயிலடிக்குதுப்பா. இப்பவே கிளம்புனா காத்து வர்றதுக்குள்ள போய்ச் சேர்ந்துடலாம். அறைக்கு மட்டும் தொள்ளாயிரம் வெள்ளி கட்டியிருக்கேன்” என்றாளாம் மகள்.

தொள்ளாயிரம் வெள்ளி என்றதும் பெரியவருக்கு அடிவயிறு கலங்கியது. அவர் பால் வெட்டிய காலத்தில் அது இரண்டு மாதச் சம்பளம். வெளியே போய் நின்றாராம். அந்த வானத்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் வானத்தைப் பார்த்து நாளை விட்டுக்கொடுக்கிற வழக்கம் அவருக்குத் தெரியும். விடியற்காலைப் பெரட்டுக் களத்தில் நின்று, மரம் நனைந்திருக்கிறது, இன்றைக்கு வெட்டில்லை என்று மண்டோர் சொன்னால், சம்பளம் போயிற்றே என்று யாரும் கத்தியைத் தூக்கிக்கொண்டு நிரைக்குள் ஓடுவதில்லை. வயிறு எரிந்தாலும் திரும்பி லயத்துக்குத்தான் நடந்தார்கள். உள்ளே வந்து மகளிடம், “மழை நாளுன்னு வெச்சுக்கம்மா. போக வேணாம்” என்று மட்டும் சொன்னாராம்.

மகளுக்கு முகம் வாடிவிட்டது. பகல் முழுதும் பேசவில்லை. பிற்பகல் இரண்டு மணிக்கு அந்த நெடுஞ்சாலை வரைபடத்தில் சிவப்பானது. இடையில் மரமே இல்லாத பெரிய மணல்வெளி ஒன்றை அந்தச் சாலை கடக்கிறது. அங்கே காற்று எழுந்தால் எரிமலை மணல் பறந்து காடியின் வண்ணத்தையே உரித்துவிடும், கண்ணாடியும் மிஞ்சாது. படகுக்காரர்கள் தாங்களே ஓட்டத்தை நிறுத்திப் பணத்தைத் திருப்பிவிட்டார்கள். அறைப் பணம் போனது போனதுதான். அந்த ஏரியை அவர்கள் பார்க்கவில்லை. அது இன்னமும் மகளுக்கு ஒரு குறைதான் என்று தாயார் சொன்னார்.

ஆகவே நேயர்களே, திட்டம் போடும்போதே ஒரு நாளை வெறுமையாக விடுங்கள். ஐந்து நாள் போனால் நான்கு நாளுக்கு மட்டும் வேலை வையுங்கள். கடைசி நாளில் தலைநகரிலிருந்து தூரமான இடம் எதையும் வைக்காதீர்கள். சாலை அடைத்தால் விமானம் தவறிவிடும். பணம் திரும்பக் கிடைக்கும் அறையாகப் பார்த்து எடுங்கள், சற்றுக் கூடினாலும் பரவாயில்லை.

காடி ஓட்டுவோர்க்கு இன்னும் சில. அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும். நமக்குப் பழக்கமில்லாதது, விமானத்தில் இறங்கிய அன்றே தூக்கக் கண்ணோடு ஓட்ட வேண்டாம். நம் சாலைப் போக்குவரத்து இலாகாவில் பன்னாட்டு ஓட்டுநர் உரிமம் எடுத்துச் செல்லுங்கள். பகலிலும் விளக்கு எரிய வேண்டும். ஊருக்குள் 50, வெளியே தார்ச்சாலையில் 90, சரளைச் சாலையில் 80 கிலோமீட்டர் வேகம். தீவைச் சுற்றி வரும் முதலாம் எண் சாலை 1,300 கிலோமீட்டருக்கு மேல். 1974இல்தான் முழு வட்டமானது. அதில் ஒரே காடி போகும் அகலமுள்ள பாலங்கள் இன்னும் இருக்கின்றன. முதலில் நெருங்கியவருக்கு வழி. ஆடுகள் குறுக்கே வரும். தாய் ஒரு பக்கமும் குட்டி மறுபக்கமும் நின்றால் குட்டி கட்டாயம் ஓடி வரும். சாலையை விட்டு இறங்கி வெட்டவெளியில் ஓட்டுவது சட்டப்படி குற்றம். அந்தப் பாசி நிலம் சிதைந்தால் மீளப் பல பத்தாண்டு ஆகுமாம். காடி ஓட்ட அஞ்சுகிறவர்கள் தலைநகரில் தங்கி, பேருந்துச் சுற்றுலாவில் போய்வருவதே மேல். பழைய நாடாளுமன்றம் 930ஆம் ஆண்டு கூடிய திங்வெட்லிர், வெந்நீர் பீறிடும் கெய்சிர் வட்டாரம், கல்ஃபோஸ் நீர்வீழ்ச்சி ஆகிய மூன்றையும் ஒரே நாளில் காட்டித் திரும்பக் கொண்டுவிடுவார்கள்.

அடுத்து, கடல். வீக் ஊருக்குப் பக்கத்தில் ரெய்னிஸ்பியாரா என்றொரு கடற்கரை. கரிய மணல், அடுக்கி வைத்த தூண்கள் போன்ற பாறை. பார்க்க அழகு. ஆனால் பலரை விழுங்கிய கரை அது. நான்கைந்து அலை சாதுவாக வந்து போகும். திடீரென்று ஓர் அலை மற்றவற்றைவிடப் பல அடி மேலேறி வந்து, நிற்பவரின் காலை வாரிக்கொண்டு போகும். கரையை அடுத்தே கடல் ஆழம். நீரின் குளிரில் நீந்தத் தெரிந்தவனுக்கும் கைகால் விறைக்கும். 2025 ஆகஸ்டில்கூட, பெற்றோருடன் வந்த ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியை அந்தக் கடல் கொண்டுபோயிற்று. அங்கே நிறம் காட்டும் விளக்குக் கம்பம் வைத்திருக்கிறார்கள். சிவப்பு எரிந்தால் மணலில் இறங்கவே கூடாது. எந்த நிறம் எரிந்தாலும் கடலுக்கு முதுகு காட்டி நிற்கக் கூடாது. படம் எடுக்கிறவர்கள்தான் அதிகம் மறந்துபோகிறார்கள்.

நம்மவர்களுக்கு இதில் தனியாக ஓர் ஆபத்து உண்டு. கடலைக் கண்டால் காலை நனைத்து, குனிந்து ஒரு கை நீர் எடுத்துத் தலையில் தெளித்துக்கொள்வது நம் பெரியவர்களின் வழக்கம். தாயார் அப்படித்தான் செருப்பைக் கழற்றப் போனாராம். மகள் கையை இறுகப் பற்றி, “இங்க வேணாம்மா, இங்கிருந்தே கும்பிடு” என்று நிறுத்தியிருக்கிறாள். வயதானவர்களை அழைத்துப் போகும் பிள்ளைகள் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அங்கே போய்ச் சொன்னால் காற்றில் காதில் விழாது.

பூமியும் அப்படித்தான். கெய்சிர் வட்டாரத்தில் ஸ்ட்ரோக்குர் என்ற ஊற்று சில நிமிடத்துக்கு ஒருமுறை வெந்நீரை 20 மீட்டர் உயரம் வரை பீய்ச்சி அடிக்கிறது. சுற்றிலும் முழங்கால் உயரத்தில் ஒரு கயிறுதான். மதில் இல்லையே, ஆபத்து இராது என்று கணக்கிடாதீர்கள். கயிற்றுக்கு அப்பால் கொதிநீர். பனிப்பாறையின் மேல் வழிகாட்டி இல்லாமல் நடக்கலாகாது. வழிகாட்டியோடு போனாலும் காலம் பார்த்துப் போக வேண்டும். 2024 ஆகஸ்டில் பனிச்சுவர் சரிந்து சுற்றுலாப் பயணி ஒருவர் இறந்தார். எரிமலையும் உறங்கவில்லை. கிரின்டாவிக் என்ற மீன்பிடி ஊரில் இருந்த ஏறத்தாழ 3,800 பேரை 2023 நவம்பர் 10ஆம் நாள் இரவோடு இரவாக வெளியேற்றினார்கள். அந்த டிசம்பரிலிருந்து 2025 ஜூலை வரை அதன் அருகே ஒன்பது முறை நெருப்புக் குழம்பு பொங்கியது. பேர்போன ‘புளூ லகூன்’ வெந்நீர்க் குளம் அதற்குப் பக்கத்தில்தான். பலமுறை மூடித் திறந்தார்கள். விமான நிலையம் அதனால் மூடப்படவில்லை. ஆனால் 2010 ஏப்ரலில் வேறோர் எரிமலை கக்கிய சாம்பலால் ஐரோப்பா முழுதும் விமானங்கள் பல நாள் நின்றதை நினைவில் வைத்து, பயணக் காப்புறுதி எடுக்காமல் போகாதீர்கள்.

வெந்நீர்க் குளத்துக்கு அவ்வளவு செலவழிக்க வேண்டியதும் இல்லை. ஊருக்கு ஊர் நகரசபையின் நீச்சல் குளம் இருக்கிறது. திறந்த வெளியில், பூமியின் சூட்டில் காய்ந்த நீர். மாலையில் ஊரே அங்கே கழுத்தளவு நீரில் உட்கார்ந்து கதை பேசும். ஒரு நிபந்தனை உண்டு. குளத்தில் மருந்து மிகக் குறைவாகக் கலப்பதால், இறங்குமுன் உடையில்லாமல் சோப்புப் போட்டுக் குளித்தாக வேண்டும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி அறை. ஆனால் அறைக்குள் பெரும்பாலும் மறைப்பு இல்லை. எங்கெங்கே தேய்க்க வேண்டும் என்று சுவரில் படம் வேறு. தாயார் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். மகள் பணிப்பெண்ணிடம் கேட்டபோது, மூலையில் திரை போட்ட இடம் ஒன்று இருந்தது. கேட்கக் கூச்சப்பட்டிருந்தால் நல்ல வெந்நீர் கிடைக்காமல் போயிருக்கும். பெரியவர் குலை வெட்டித் தேய்ந்த முழங்காலை அந்நீரில் வைத்து இரண்டு மணி நேரம் எழவில்லையாம்.

போகும் போக்கில் ஒன்று. அந்நாட்டுக் காடுமேட்டில் பாம்பு கிடையாது. கொசுவும் இல்லாமலே இருந்தது. 2025 அக்டோபரில் மூன்று கொசு அகப்பட்டதும் அது நாடெங்கும் செய்தியாயிற்று. தாயாரிடம் இதைச் சொன்னபோது, “அதையும் நம்ம பெட்டியில வந்ததுன்னு சொல்லிடப் போறாங்க” என்றார்.

அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண் 112. இதை வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்ய வேண்டும். இதே எண்ணின் பெயரில் கைத்தொலைபேசிச் செயலி உண்டு. அழுத்தினால் நாம் நிற்கும் இடத்தை அதுவே தெரிவிக்கும். மலையிலும் சாலையிலும் அகப்பட்டவரைத் தேடி வருகிறவர்கள் சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள் அல்லர். ஊர்தோறும் அமைந்த தொண்டர் படையினர். கடைக்காரர், மீனவர், ஆசிரியர் என்று அவரவர் வேலையை விட்டுவிட்டு நடு இரவிலும் புயலிலும் புறப்படுகிறார்கள். செலவுக்குப் பணம் சேர்க்க, ஆண்டு முடிவில் மக்களுக்கு வாணவெடி விற்கிறார்கள். அழைத்தால் கோபிப்பார்களோ, பணம் கேட்பார்களோ என்று தயங்கி நேரத்தைக் கடத்தாதீர்கள். ஆனால் நாம் ‘லோகாத்’ பலகையைத் தாண்டிப் போனதற்காக இன்னொரு வீட்டுத் தகப்பன் புயலில் இறங்க வேண்டியிருக்கும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

போக ஏற்ற காலம் எது என்று பலர் கேட்பார்கள். ஜூனில் இரவே இல்லை எனலாம்; சாலைகள் திறந்திருக்கும், செலவு கூடும். டிசம்பரில் பகல் நான்கைந்து மணி நேரந்தான். வானில் பச்சை ஒளி ஆடும் காட்சிக்கு இருட்டு வேண்டும். செப்டம்பரிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை காணலாம். பெரியவர்களை அழைத்துப் போகிறவர்களுக்கு நாம் சொல்வது, மே கடைசியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதிக்குள். இவர்கள் சற்றுப் பிந்திப் போனார்கள். ஆனாலும் கடைசி இரவு விடுதி வாசலில் அந்தப் பச்சை ஒளியைக் கால் மணி நேரம் பார்த்தார்களாம்.

அவர்கள் போட்டுச் சென்ற இரண்டு மேற்சட்டைகளும் இரண்டு கம்பளித் தொப்பிகளும் இப்போது நம் வீட்டு அலமாரியில் இருக்கின்றன. சட்டைகள் நடுத்தர உடம்புக்குப் பொருந்தும். பெரியவருடைய சட்டையில் பல்லிழை சற்று இறுக்கம். மெழுகு தேய்த்தால் ஓடும். எங்கள் தோட்டத்திலிருந்தோ பக்கத்துத் தோட்டங்களிலிருந்தோ யாரேனும் குளிர்நாட்டுக்குப் போவதாயிருந்தால், பள்ளி நேரம் முடிந்து வந்து வாங்கிச் செல்லலாம். துவைத்துத் திருப்பிக் கொடுத்தால் போதும்.